வண்டியின் இடது பக்கம்

ஜனவரி 21, செவ்வாய்

வண்டிக்கு ஆயில் மாற்றியாச்சு. ஸ்டெப்னிக்குக் காற்று, ரேடியேட்டருக்குத் தண்ணீர், ஜாக்கி, எல்லாம் சரி. வைப்பர் ரப்பர் தேய்ந்துவிட்டது போலிருக்கிறது. முன் கண்ணாடி துலக்கமாக இல்லை. புது ரப்பர் வாங்கிப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உடன்குடியில் மங்கைக்கு வளைகாப்பு. ஏழாம் மாசம். அது முடிந்த மறுநாள் தலைப்பிரசவத்துக்கு அவளை நாகப்பட்டினம் அழைத்து வர வேண்டும். "என் பொண்ணு என் அம்பாசடர்லதான் தாய்வீட்டுக்கு வருவா" என்று அவள் கல்யாணப் பந்தலிலேயே சம்பந்தியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கலியபெருமாள் சொன்னால் சொன்னதுதான்.

என் சம்சாரம் தையல்நாயகி என்னோடு வர மாட்டாளாம். சனிக்கிழமை சொந்தக்காரர்களோடு வேனில் வருகிறாளாம். கேட்டால், நம் வண்டி வாசனை குமட்டுகிறது என்கிறாள். இருபது வருஷமாகக் குமட்டாத வண்டி, பொங்கலன்று வேளாங்கண்ணி போய் வந்ததிலிருந்து குமட்டுகிறது. அன்றைக்கு வழி நெடுக டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் நாலு சொல்வாள்.

அடுத்த மாதம் லைசென்ஸ் முடிகிறது. புதுப்பிக்க டாக்டரிடம் கண்ணைக் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டுமாம். அரசு பஸ்ஸை முப்பத்தொரு வருஷம் கீறல் விழாமல் ஓட்டியவன் கண்ணை யார் என்ன பார்ப்பது? ஊரிலிருந்து வந்து பார்த்துக்கொள்ளலாம்.

மங்கை போனில் ஒரு வேலை வைத்தாள். "அப்பா, கடலோரமாத்தானே வர்றீங்க. வழியில இருக்குற லைட்ஹவுஸ் ஒவ்வொண்ணுலயும் நிறுத்தி ஒரு போட்டோ புடிச்சு அனுப்புங்க. எங்க வந்திருக்கீங்கன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் கால் ஆத்துன மாதிரி இருக்கும்" என்றாள். சின்ன வயதில் எங்கள் ஊர்க் கலங்கரை விளக்கம் எத்தனை தரம் மின்னுகிறது என்று என் மடியில் உட்கார்ந்து எண்ணியபடியே தூங்கிப் போகிற பிள்ளை. சரி என்றேன்.

ஜனவரி 22, புதன்

காலையில் கிளம்பினேன். நல்ல பனி. நாகப்பட்டினம் விளக்கைத் தெருமுனையிலிருந்தே படம் பிடித்து அனுப்பினேன். வேளாங்கண்ணி தாண்டியும் பனி விடவில்லை. விளக்கைப் போட்டு, ஹாரனில் கை வைத்தபடி ஓட்டினேன். எதிரே வந்த லாரிக்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஏதோ திட்டினான். விளக்கில் கண் கூசியிருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் வலது பக்கம் டிரைவர் பாடு, இடது பக்கம் கண்டக்டர் பாடு. என் கண்டக்டர் மரியதாஸ் பின்படியில் தொங்கியபடி "ரைட், ரைட், வரலாம், வரலாம்" என்றால் போதும், நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஸ்டீயரிங்கை ஒடிப்பேன். காரில் அந்தக் குரல் இல்லாதது எனக்கு இன்னமும் ஒரு கை குறைந்த மாதிரிதான்.

மதியம் கோடியக்கரை. உச்சிப்பொழுதிலும் பனி. கலங்கரை விளக்கம் அடியில் தெரிகிறது, மேலே போகப் போக வெள்ளையில் கரைந்துவிடுகிறது. அதையும் படம் பிடித்து, "இங்கே கடும் பனி" என்று பேசி அனுப்பினேன். மங்கையிடமிருந்து பதில் வந்தது: "படம் பளிச்சுனு இருக்குப்பா. பின்னாடி வானம் எவ்வளவு நீலமா இருக்கு."

இந்தக் காலத்துப் போன்கள் எதையும் அழகாக்கித்தான் காட்டும்.

இரவு வேதாரண்யத்தில் தங்கல். இட்லி கல் மாதிரி இருந்தது.

ஜனவரி 23, வியாழன்

கண்ணாடிக்குப் பழைய வைத்தியம் செய்தேன். பெட்டிக்கடையில் புகையிலை வாங்கித் தண்ணீரில் நனைத்து, முன் கண்ணாடி முழுக்கத் தேய்த்துத் துணியால் துடைத்தேன். மழை நாளில் டிப்போவில் எல்லாரும் செய்கிற வேலைதான் இது. தண்ணீர் நிற்காது, ஆவி படியாது. இன்று பலிக்கவில்லை. வழியில் நிறுத்தி உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தேன். அதற்கும் மசியவில்லை.

அம்மாபட்டினத்தில் விளக்கைப் படம் பிடித்துவிட்டு டீ குடித்தேன். "என்னப்பா, உங்க ஊர்ல இந்தப் பனி எப்ப விலகும்?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்தார். "பனியா? வெயிலு மண்டையப் பொளக்குது. நெழல்ல உக்காருங்க அத்தா" என்றார். கடற்கரை ஆட்களுக்குப் பனி பழகிப் போய்விட்டது. எங்களை மாதிரி ரோட்டைப் பார்த்துப் பிழைத்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

பாசிப்பட்டினம் விளக்கைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிய கொஞ்ச நேரத்தில், தொண்டிக்கு முன்னால், இடது பக்கம் டொக்கென்று ஒரு சத்தம். கல் தெறித்திருக்கும். அங்கே ஓரமாக ஒரு டீக்கடை இருந்தது. பின்னால் யாரோ கத்தினார்கள். நம்மையாக இருக்காது.

ராமநாதபுரத்தில் லாட்ஜ். மங்கை மூன்று தரம் கூப்பிட்டாள். "அப்பா, அங்கயே வண்டிய நிறுத்திட்டு பஸ்ல வந்துருங்களேன். வண்டிய அப்புறமா எடுத்துக்கலாம்" என்றாள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்குச் சும்மா பயம் வரும். அதட்டிவிட்டுப் போனை வைத்தேன். பிறகு மனசு கேட்கவில்லை. திரும்பக் கூப்பிட்டு, என்ன சாப்பிட்டாள் என்று விசாரித்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

கீழக்கரை. பனி. படம் அனுப்பினேன்.

மாலை. தூத்துக்குடியில் இருக்கிறேன். ஒரு முடிவுக்கு வந்து, முன் கண்ணாடியையே மாற்றிவிட்டேன். பழைய அம்பாசடர்களுக்குச் சாமான் வைத்திருக்கிற கண்ணாடிக்கடை அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார் என்று லாட்ஜில் சொன்னார்கள். அவர் விரலால் கண்ணாடியைச் சுண்டிப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார், உள்ளே உட்கார்ந்தும் பார்த்தார்.

"கண்ணாடியில ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி. என்னத்துக்கு மாத்தச் சொல்லுதிய?"

"மங்கலா இருக்கு."

"எனக்குத் துலக்கமால்லா தெரியுது."

"ஓட்டப்போறது நீங்களா நானா?" என்று கேட்டேன். அவர் ரப்பரைப் பிரித்துக் கண்ணாடியைத் தனியாகக் கழற்றி எடுத்தார்.

புதுசை எடுத்துவர அவர் உள்ளே போன நேரத்தில், சும்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடி இல்லாத வெற்றுச் சட்டத்தின் வழியாகத் தெருவைப் பார்த்தேன். காற்று முகத்தில் அடித்தது. தூத்துக்குடியில் மத்தியானத்திலும் பனி.

புதுக் கண்ணாடி நன்றாகப் பொருந்திவிட்டது. இராத்திரிக்குப் புரோட்டா. எண்ணெய் அதிகம்.

ஜனவரி 25, சனி

இரண்டாவது கியரிலேயே ஓட்டி உடன்குடி வந்து சேர்ந்தேன். இன்று திருச்செந்தூரில் நிறுத்தவில்லை. முருகனை வண்டியில் இருந்தபடியே கும்பிட்டேன்.

மாப்பிள்ளை இசக்கிமுத்து வாசலுக்கு வந்தார். பள்ளிக்கூட வாத்தியார், அதிகம் பேசாத ஆள். "வாங்க மாமா" என்றவர், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இடது பக்கம் போனவர் திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்து, "களைச்சுப் போய் வந்திருக்கிய. சாவியத் தாங்க, நான் ஓரமா நிறுத்துதேன்" என்றார். இடது பக்கம் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். அவ்வளவு ஒட்டி நிறுத்தினால் அந்தப் பக்கக் கதவை எப்படித் திறப்பது என்று கேட்க நினைத்தேன். புதுசாக ஓட்டுகிறவர், போகட்டும்.

மங்கை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. கை கொஞ்சம் வீங்கியிருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் வளைகாப்பு நன்றாக நடந்தது. புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு என்று தையல்நாயகி வேன் நிறையக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கூடம் முழுக்கப் பெண்கள். அத்தனை பட்டுப்புடவைக்கு நடுவில் என் மகள் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. வளையல் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத்தான் கண்டுபிடித்தேன்.

பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் தையல்நாயகி பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாளைக்குப் புள்ளை எதுல வர்றா?"

"என் வண்டியிலதான். சொன்னேன்ல."

"நானும் அதுலதான் வருவேன்" என்றாள். "போறதுன்னா ரெண்டு பேரும் போறோம்."

அப்படி ஒரு சொல்லை நல்ல நாளும் அதுவுமாக அவள் வாயால் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. கோபம் வந்தது. சாம்பாருக்கு உப்பு அதிகம் என்று யாரிடமோ கத்தினேன்.

சாயங்காலம் மங்கை மணப்பாடு போய் விளக்கைப் பார்க்கலாம் என்றாள். என் வண்டியை மாப்பிள்ளை ஓட்டினார், நானும் மங்கையும் பின் சீட்டில். மணல்மேட்டில், கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது கலங்கரை விளக்கம். மாப்பிள்ளை சுண்டல் வாங்கப் போய்விட்டார். நாங்கள் இருவர் மட்டும் கல்லில் உட்கார்ந்தோம். இருட்டத் தொடங்கியதும் விளக்கைப் போட்டார்கள்.

"அப்பா, எத்தனை தடவை மின்னுது? எண்ணுங்க பாப்போம்" என்றாள் மங்கை.

நான் நிமிர்ந்து பார்த்தேன். வானத்தில் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துப் பூசினாற்போல் ஒரு வெளுப்பு. அது கூடுவதும் தெரியவில்லை, குறைவதும் தெரியவில்லை. இரண்டு என்று சொல்லியிருக்கலாம், மூன்று என்றும் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் நாளைக் காலையில் இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவாள். சின்னதிலிருந்து முன் சீட்டில்தான் உட்காருவாள். என் இடது பக்கம்.

"தெரியலைம்மா" என்றேன்.

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்குப் பனி இருக்கா மங்கை?"

"இல்லப்பா."

"கோடியக்கரையில?"

"இல்லப்பா. நீங்க அனுப்பின எந்தப் படத்துலயும் இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை எத்தனை ஊர், எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் ரோட்டைக் கடந்திருப்பார்கள் என்றெல்லாம் அப்போதுதான் நினைத்தேன். பயந்து போனேன். "என்னால உன்னைக் கூட்டிட்டுப் போக முடியாதும்மா. எனக்குக் கண்ணு தெரியலை" என்று சொன்னேன். மங்கை என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவளும் அழுதாள். ஆனால் அது துக்கப்பட்டு அழுத மாதிரி இல்லை, பெரிய மூட்டையை இறக்கி வைத்தவள் விடுகிற மூச்சு மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை சுண்டலோடு வந்தார். சாவி ஏற்கெனவே அவர் பையில்தான் இருந்தது. அதை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்றேன்.

ஜனவரி 27, திங்கள்

வாழ்நாளில் முதல் தடவையாக என் வண்டியில் இடது சீட்டில் உட்கார்ந்து வந்தேன். கதவைக்கூட மாப்பிள்ளையே திறந்துவிட்டார். இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் வலிக்கிறது. மாப்பிள்ளை கியர் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லவில்லை. இரண்டு தரம்தான் சொன்னேன்.

பின் சீட்டில் மங்கையும் அவள் அம்மாவும். ஒவ்வொரு விளக்கு வரும்போதும் மங்கை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். இது கறுப்பு வெள்ளைக் கோடு போட்டது, இது வெறும் வெள்ளை, இதன் உச்சியில் ஒரு காக்கா உட்கார்ந்திருக்கிறது என்று.

வேதாரண்யத்தில் டீக்கு நிறுத்தினபோது, "குமட்டல் வரலையா?" என்று தையல்நாயகியைக் கேட்டேன்.

"இன்னைக்கு வரலை" என்றாள்.

வீட்டில் மாப்பிள்ளை வண்டியை மறுபடியும் சுவரை ஒட்டியே நிறுத்தினார்.

ஜனவரி 28, செவ்வாய்

மாப்பிள்ளை ஊருக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால் கடைக்குப் போய் ஒரு தார்ப்பாய் உறை வாங்கிவந்து வண்டிக்குப் போர்த்திவிட்டார். வெயிலில் பெயின்ட் மங்கிவிடுமாம். அக்கறையுள்ள பையன்.

பிப்ரவரி 3, திங்கள்

கண் ஆஸ்பத்திரி. இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக முற்றிவிட்டது என்றார் டாக்டரம்மா. "இவ்வளவு நாள் எப்படிய்யா நடமாடுனீங்க?" என்று கேட்டார். "நடமாடலைம்மா, கார் ஓட்டினாரு" என்று தையல்நாயகி போட்டுக்கொடுத்தாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பிப்ரவரி 8, சனி

அப்பா சொல்ல மங்கை எழுதுவது: வலது கண் ஆபரேஷன் முடிந்தது. குனியக் கூடாது. தலைக்குக் குளிக்கக் கூடாது. கத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை, அம்மா சொல்கிறாள்.

பிப்ரவரி 22, சனி

இடது கண்ணுக்கும் செய்தாயிற்று. கட்டுப் பிரித்து நாலு நாள் ஆகிறது. முருங்கை இலை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. தையல்நாயகிக்கு இவ்வளவு நரைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சொன்னேன். "இவ்வளவு நாள் குமரியாத் தெரிஞ்சேனா?" என்றாள்.

ராத்திரி மாடியில் நின்று ஊர் விளக்கை எண்ணினேன். எண்ணிக்கை மாறவில்லை. குழந்தை மாதிரி சந்தோஷமாக இருந்தது. அடுத்த மாதம் சான்றிதழ் எழுதித் தருகிறேன், தாராளமாக வண்டி ஓட்டலாம் என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு என் வண்டியில்தான் வரும். மங்கையிடம் சொன்னேன். சிரித்தாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

வண்டியைக் கழுவலாம் என்று உறையை எடுத்தேன். சுவரை ஒட்டி நிற்கிற வண்டியைத் தள்ளி வெளியே கொண்டுவந்தேன்.

இடது பக்கம் முன் மட்கார்டிலிருந்து பின் கதவு வரை உராய்ந்து கிழிந்திருக்கிறது. பக்கக் கண்ணாடியைப் பிடிக்கிற தண்டு வளைந்திருக்கிறது. ஓரிடத்தில் செம்மண், ஓரிடத்தில் சிமென்ட். அதெல்லாம் போகட்டும். முன் கதவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு முழ நீளம் நீல பெயின்ட் அப்பியிருக்கிறது. அதற்கு மேலே, ஹேண்டில்பார் முனை குத்தினால் விழுகிற மாதிரி வட்டமாக ஒரு பள்ளம்.

வாளியைக் கீழே வைத்துவிட்டேன். பள்ளத்துக்குள் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன்.

மங்கை வாசலுக்கு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உங்க மாப்பிள்ளை அன்னைக்கே பாத்துட்டாங்கப்பா. சாவியத் திருப்பித் தரவே கூடாதுன்னாங்க. நான்தான், அப்பாவே சொல்லுவாங்க, ஒருநாள் பொறுங்கன்னேன். நாங்க புடுங்கியிருந்தா நீங்க கடைசி வரைக்கும் பனின்னுதான் சொல்லியிருப்பீங்க."

"நான் சொல்லாம இருந்திருந்தா?"

"அம்மா முன் சீட்டுல உக்காந்திருப்பா. என்னை ஏத்தியிருக்க மாட்டா."

"இந்த நீலம் யாரு மங்கை?"

"தெரியலைப்பா" என்றாள். "தூணா இருக்கும்னு நெனச்சுக்கிட்டோம்."

தூணுக்கு ஹேண்டில்பார் கிடையாது. அவளிடம் சொல்லவில்லை. உள்ளே வந்து இந்த டைரியைத்தான் புரட்டினேன். பாசிப்பட்டினம் தாண்டி, தொண்டிக்கு முன்னால், இடது பக்கம் டொக்கென்று ஒரு சத்தம். கல் தெறித்திருக்கும் என்று என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

தொண்டிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று டிப்போவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

விடிகாலை பஸ்ஸில் கிளம்பினேன். உண்மையிலேயே பனி. டிரைவர் சின்னப் பையன், நிதானமாக ஓட்டினான். கண்டக்டர் படியில் நின்று இடது பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். தொண்டிக்கு முன்னால் அந்த டீக்கடையில் இறங்கினபோது வெயில் வந்திருந்தது.

"போன மாசம் இங்க யாரையாவது கார் இடிச்சுதாங்க? வெள்ளை அம்பாசடர்" என்று கேட்டேன். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க நினைத்தேன், அந்தச் சொல் வரவில்லை.

கடைக்காரர் பெஞ்சைக் காட்டினார். அங்கே என் வயதுக்குக் கொஞ்சம் இளையவராக ஒருவர், வலது கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடை ஓரத்தில் ஒரு மொபெட் சாய்ந்து நின்றது. அதன் பின்னால் மீன் பெட்டி. நீலம்.

அவர் பெயர் களஞ்சியம். தோள்பட்டை எலும்பு முறிந்து, ஒரு மாதமாக மீன் விற்கப் போகவில்லை. அவர் சம்சாரம் தலையில் கூடை சுமந்து தெருத் தெருவாகப் போகிறாளாம். அந்தக் கார் என்னுடையதுதான் என்று சொன்னேன். எழுந்து அடிப்பார் என்று எதிர்பார்த்து நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இடிச்சதுகூடப் பெருசில்லண்ணே. எதோ கைதப்பிருச்சுன்னு விட்றலாம்" என்றார். "ஹாரன அடிச்சுக்கிட்டே போனீக பாருங்க. ஒரு நிமிசம் நிறுத்தல. பள்ளத்துல கெடந்தேன்."

"தெரியலை. எனக்குக் கண்ணு தெரியலை. பனின்னு நெனச்சேன்."

"பனியா? அன்னைக்கு நல்ல வெயிலு."

"ஆமா. வெயில்தான்" என்றேன். "தப்புதான். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவன் நான். ஓட்டியிருக்கக் கூடாது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆபரேஷனுக்குப் பிறகு போட்டிருக்கிற கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் ரோட்டோரம் எட்டிப் பார்த்தார். அங்கே ஏதாவது வண்டி நிற்கிறதா என்று தேடினார்.

"இப்ப எதுல வந்தீக?"

"பஸ்ஸுல."

"திரும்பிப் போறது?"

"பஸ்ஸுலதான்."

"அப்பச் சரி" என்று பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்க. டீ சொல்லுறேன்."